தேனீப் பெட்டியில் நோய்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

திருகோணமலைப் பக்கம் பெட்டியில் வளர்ப்பது நம் அடுக்குத் தேனீயைத்தான் (அப்பிஸ் செரானா). இணையத்தில் கிடைக்கும் நோய்க் குறிப்புகளில் முக்கால்வாசி ஐரோப்பியத் தேனீக்கு எழுதப்பட்டவை. அந்தத் தேனீக்கு முதல் எதிரி வரோவா உண்ணி. நம் பெட்டியிலும் உண்ணி உண்டு, ஆனால் கூட்டத்தைச் சாய்ப்பது பெரும்பாலும் அது அல்ல. வைரசும், பூச்சிமருந்தும், வெயிலும், பசியும்தான். உண்ணி மருந்துப் பட்டியை ஓடர் பண்ணுவதற்கு முன் கீழே உள்ள சோதனைகளைச் செய்து பாருங்கள். அநேகமாகக் காசு மிஞ்சும்.

கையில் வேண்டியவை: டோர்ச் லைட், கூரான முள் அல்லது ஊசி, ஒரு பெட்டி தீக்குச்சி, வெள்ளைத்தாள், 10 மடங்கு பூதக்கண்ணாடி, சவர்க்காரத் தண்ணீர் ஒரு வாளி. காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் திறப்பது நல்லது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் உச்சி வெயிலில் திறந்தால் புழு காய்ந்துவிடும். பல பெட்டிகள் இருந்தால் நல்ல பெட்டிகளை முதலில் பாருங்கள், சந்தேகப் பெட்டியைக் கடைசியாக. கத்தியையும் கையையும் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

அறிகுறி 1: புழு வதையில் (புழு வளரும் அடையில்) செத்த புழுக்கள், கண்ணறைகளின் (அடையின் சிறு அறைகளின்) மூடிகள் கிழிந்தோ பாதி திறந்தோ இருக்கின்றன

*வதையின் ஓரத்திலும் கீழ்நுனியிலும் மட்டும் செத்திருக்கிறதா?* முட்டை, புழு, கூட்டுப்புழு என எல்லா வயதும் கலந்து செத்திருந்தால் அது நோய் அல்ல. புழுவை மூடி உட்காரத் தேனீக்கள் போதாமல் குளிரில் செத்தவை. மாரி மழையில் கூட்டம் ஒடுங்கும்போது நடக்கும். ஈக்கள் இரண்டு பக்கமும் மூடி உட்காரும் அளவுக்கு மட்டும் வதைகளை விட்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். மாலையில் சீனிப்பாகு கொடுங்கள்: சீனியும் தண்ணீரும் சரிபாதி, ஒரு கூட்டத்துக்கு 200 மில்லிலீற்றர். 10 நாளில் சரியாகும்.

*மூடி போடுமுன்பே, சுருண்ட நிலையில், மஞ்சளாகச் செத்திருக்கிறதா?* புளித்த வாடையும் வந்தால் ஐரோப்பிய புழு அழுகல் என்ற பாக்டீரியா நோய் என்று சந்தேகியுங்கள். புழு 4, 5 நாள் வயதிலேயே செத்துப்போகும், கண்ணறைக்குள் கோணல்மாணலாகக் கிடக்கும். நோய் கண்ட வதையை எடுத்து, கூட்டத்தை நெருக்கி, பாகு கொடுத்தால் பூ வரவு வந்ததும் பல கூட்டங்கள் தாமே தேறிவிடும். அன்டிபயோட்டிக் கலந்த பாகு கொடுக்கச் சொல்வோர் உண்டு. அந்த மருந்து தேனில் தங்கும். அறிவுரை இல்லாமல் தொடாதீர்கள்.

*புழு மல்லாந்து, நீட்டி நிமிர்ந்து, தலை மூடிப் பக்கம் கூராக உயர்ந்து செத்திருக்கிறதா?* இது சாக்புரூட், அதாவது புழுப் பை நோய். நம் தேனீக்கு வரும் வைரஸ் நோய்களில் இதுதான் பெரியது. தாய் சாக்புரூட் என்று பெயர் பெற்ற வகை 1976இல் தாய்லாந்தில் கண்டறியப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் அது கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் வளர்ப்புக் கூட்டங்களின் பெரும்பகுதியை அழித்தது.

உறுதி செய்வதற்கு ஊசியால் ஒரு புழுவைத் தலைப்பக்கமாகப் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். முழுதாக வெளியே வரும். தோலுக்கும் உடலுக்கும் நடுவே தண்ணீர் கோத்து, சின்னப் பை போல் தொங்கும். நிறம் முத்து வெள்ளையில் தொடங்கி, இளமஞ்சள், மண்ணிறம், கடைசியில் கருமண்ணிறம் என்று மாறும். தலைப்பக்கம்தான் முதலில் கறுக்கும். காய்ந்தபின் இரு நுனியும் மேலே வளைந்த வள்ளம் மாதிரி ஒரு பொருக்காகக் கிடக்கும், கண்ணறையில் ஒட்டாமல் தட்டினாலே விழுந்துவிடும். நாற்றம் அநேகமாக இருக்காது.

*தீக்குச்சியை விட்டு எடுத்தால் நூலாக இழுபடுகிறதா?* செத்த புழுவுக்குள் தீக்குச்சியை விட்டுக் கலக்கி மெல்ல இழுங்கள். மண்ணிறப் பசையாக 2 சென்ரிமீற்றருக்கு மேல் நூல் இழுபட்டு, கெட்ட நாற்றமும் அடித்து, காய்ந்த பொருக்கு கண்ணறையின் அடியில் ஒட்டிப் பிடித்திருந்தால் அது அமெரிக்கப் புழு அழுகலாக இருக்கலாம். அங்கேயே நிறுத்துங்கள். பெட்டியை மூடி, வாசலைச் சிறிதாக்கி, வேறு ஈக்கள் நுழையாதபடி செய்து, உடனே விவசாயப் போதனாசிரியருக்கு அறிவியுங்கள். அந்தக் கிருமியின் வித்துகள் பல ஆண்டுகள் பெட்டியில் உயிரோடு கிடக்கும். சொந்த வைத்தியத்துக்கான நோய் அல்ல.

சாக்புரூட் என்று உறுதியானால்

மருந்து கிடையாது. மஞ்சள், வேப்பெண்ணெய், அன்டிபயோட்டிக் என்று எதை ஊற்றினாலும் வைரஸ் அசையாது. நோய் பரவும் வழியை வெட்டுவதுதான் வைத்தியம். செத்த புழுவைத் துப்புரவு செய்யும் இளம் ஈயின் வாய்க்குள் வைரஸ் போகிறது, அதே ஈ அடுத்த புழுவுக்குப் பால் ஊட்டும்போது அதற்கும் தொற்றுகிறது. ஊட்டுவதற்குப் புழுவே இல்லாமல் சில நாட்கள் போனால் சங்கிலி அறுந்துவிடும். அதற்காகத்தான் இராணியை அடைத்து வைப்பது.

முதலில் கூட்டத்தின் பலத்தைப் பாருங்கள். இரண்டு வதைகளைக்கூட மூடாத கூட்டம் என்றால் முயல வேண்டாம். வேறு கூட்டத்தோடு சேர்த்துவிடலாம் என்று தோன்றும். சேர்த்தால் இரண்டும் போய்விடும். இருட்டியதும் வாசலை அடைத்து, சவர்க்காரத் தண்ணீர் தெளித்து ஈக்களைக் கொன்று, வதைகளை எரித்துவிடுங்கள். கல்நெஞ்சமாகத் தெரியலாம். ஆனால் பக்கத்துப் பெட்டிகளைக் காப்பாற்றுவது அதுதான்.

மூன்று வதைக்கு மேல் ஈ இருந்தால்:

நாள் 0: இராணியைப் பிடித்து, மெல்லிய கம்பிவலையில் செய்த சிறு கூட்டுக்குள் விடுங்கள். தீப்பெட்டி அளவு போதும். வலைக்கண் வழியாக வேலைக்கார ஈ நாக்கை நீட்டி ஊட்ட முடிய வேண்டும், இராணி வெளியே வர முடியக் கூடாது. கூட்டை நடு வதைகளுக்கு இடையில், தேன் பக்கமாகச் செருகுங்கள். இராணியைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்காதீர்கள். இராணி வாசம் இல்லாவிட்டால் நம் தேனீயில் வேலைக்கார ஈக்கள் மிகச் சீக்கிரம் முட்டையிடத் தொடங்கிவிடும், ஒரு கண்ணறையில் பல முட்டைகள் தெரியும், பிறகு அந்தக் கூட்டத்தைத் திருப்புவது கஷ்டம். அன்றே செத்த புழு அதிகமுள்ள வதைகளை வெட்டி எடுத்து எரியுங்கள், அல்லது ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். ஈக்கள் நெருக்கமாக மூடும் அளவுக்கு மட்டும் வதைகள் இருக்கட்டும்.

நாள் 1 முதல்: இரண்டு நாளுக்கு ஒரு தடவை மாலையில் 200 மில்லிலீற்றர் சீனிப்பாகு. பெட்டிக்கு உள்ளே மட்டும் வையுங்கள், வெளியே ஒரு துளியும் சிந்தக் கூடாது. பாகு வாசத்துக்குப் பக்கத்துப் பெட்டி ஈக்கள் கொள்ளையிட வந்தால் நோயையும் கொண்டுபோகும். தேன் கொடுக்கவே கூடாது, கடையில் வாங்கிய தேனும் சரி, பிற பெட்டித் தேனும் சரி. சர்க்கரை (வெல்லம்), கருப்பட்டி கலந்தால் ஈக்களுக்கு வயிற்றோட்டம் வரும்.

நாள் 8: திறந்த புழு எதுவும் இருக்கக் கூடாது. முட்டை 3 நாள், புழு 5 நாள், அதற்குப்பின் மூடிவிடும். இன்னும் முட்டையோ சின்னப் புழுவோ தெரிந்தால் இராணி வலைக்கூட்டைவிட்டுத் தப்பியிருக்கிறது, அல்லது வேலைக்கார ஈ முட்டையிடுகிறது.

நாள் 15: இராணியை விடுங்கள். அன்றே முட்டையிட்டாலும் அது பொரிக்க 18ஆம் நாள் ஆகும். ஆக, சுமார் 10 நாட்கள் பெட்டியில் ஊட்ட வேண்டிய புழுவே இருக்காது. நாள் கணக்கைச் சுருக்கி ஒரு வாரத்தில் விட்டுவிடுவதுதான் இந்த முறை தோற்பதற்கான வழக்கமான காரணம்.

நாள் 27: புதிதாக மூடிய கண்ணறைகளைப் பாருங்கள். மூடி சீராக, தட்டையாக, இடைவெளி குறைவாக இருந்தால் தப்பியது. நிமிர்ந்த தலைகள் மறுபடி தெரிந்தால் இராணியை மாற்ற வேண்டும். அதே தோட்டத்தில் நோயே வராமல் நின்ற கூட்டத்திலிருந்து இராணிக் கண்ணறை எடுத்து வையுங்கள். அடுத்தடுத்த வருடங்களில் கூட்டம் பிரிப்பதும் அந்த வம்சத்திலிருந்துதான். தேன் நிறையத் தருகிறது என்று நோய் கண்ட கூட்டத்தைப் பெருக்குவது நோயைப் பெருக்குவதுதான்.

காலியான பெட்டியைச் சலவைச் சோடா கரைத்த கொதிநீரில் தேய்த்துக் கழுவி, வெயிலில் நாலைந்து நாள் காயவிட்டு, உட்பக்கத்தைத் தீயால் வாட்டி எடுங்கள். எரிக்காமல் வைத்த வதையை உருக்கிய மெழுகைத் தேனீக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், மெழுகுதிரிக்குப் போகட்டும்.

தை, மாசி மாதங்களில் மழை விட்டு இராணி வேகமாக முட்டையிடத் தொடங்கும்போது வாரம் ஒரு தடவை புழு வதையைப் பாருங்கள். முளையிலேயே தெரிந்தால் ஒரு வதையோடு நிற்கும். மரத்தில் பானை கட்டிப் பிடித்த புதுக் கூட்டத்தை நேரே மற்றப் பெட்டிகளின் பக்கத்தில் கொண்டுவந்து வைக்காதீர்கள். தள்ளி ஒரு மாதம் வைத்து, முதல் தொகுதிப் புழு நன்றாக மூடியதைப் பார்த்தபின் சேருங்கள்.

அறிகுறி 2: ஆண் ஈ கண்ணறைகளில் ஏதோ கோளாறு, சிவப்புப் பூச்சி தெரிகிறது

*மூடியின் நடுவே ஊசித்துளை இருக்கிறதா?* பயப்பட வேண்டாம். நம் தேனீயின் ஆண் ஈ மூடி கூம்பாக எழும்பி, நடுவில் ஒரு சிறு துளையோடுதான் இருக்கும். நோய் என்று நினைத்து வெட்டி எறிவோர் அதிகம்.

*பக்கத்து ஆண் ஈக்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டன, சில மூடிகள் மட்டும் திறக்காமல் நிற்கின்றனவா?* முட்டையிலிருந்து சுமார் 24 நாளில் ஆண் ஈ வெளியே வர வேண்டும். அதற்குப் பிறகும் மூடியபடி இருந்தால் உள்ளே உண்ணி ஏறிப் பலமிழந்து செத்திருக்கும். அந்தக் கெட்டி மூடியை உள்ளிருந்து உடைக்க அதற்குத் தெம்பு இல்லை. வேலைக்கார ஈக்களும் திறக்காது. உண்ணியும் உள்ளேயே சாகும். ஆகவே கூட்டத்துக்குள் வைத்து அந்தக் கண்ணறைகளைக் கீறாதீர்கள். கீறினால் சிறைக்குள் இருந்ததை நீங்களே அவிழ்த்துவிடுகிறீர்கள். அந்தத் துண்டு வதையை முழுதாக வெட்டி, வெளியே எடுத்துச் சவர்க்காரத் தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

*எண்ணிப் பார்க்க:* வெட்டி எடுத்த வதையில், மூடி பழசாகாத 20, 30 ஆண் கண்ணறைகளைத் திறந்து, வெள்ளைக் கூட்டுப்புழுவை ஊசியால் தூக்கி வெள்ளைத்தாளில் போடுங்கள். வரோவா செம்மண்ணிறம், தட்டை, நீளத்தைவிட அகலம் அதிகம், ஒன்றரை மில்லிமீற்றர் அளவு. நிதானமாக நகரும். நீளவாக்கில் மெலிந்து, ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்து, தாளில் வேகமாக ஓடினால் அது ட்ரோபிலேலப்ஸ். அது மலைத்தேனீயின் உண்ணி, நம் பெட்டியில் அபூர்வம். கண்டால் ஒரு சிறு போத்தலில் மதுசாரத்தில் போட்டு வைத்து விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.

அங்குமிங்கும் சில உண்ணிகள் இருப்பது நோய் அல்ல. நம் தேனீயும் வரோவாவும் வெகுகாலமாகச் சேர்ந்து வாழ்பவை. நம் தேனீயில் உண்ணி பெருகுவது ஆண் புழுவில்தான், வேலைக்காரப் புழுவில் பெருகுவது மிகக் குறைவு. ஈக்கள் ஒன்றையொன்று துப்புரவு செய்து உண்ணியைக் கடித்தும் எறியும். அடிப்பலகையில் வெள்ளைத்தாள் விரித்து, தேங்காய் எண்ணெய் பூசி, மறுநாள் எடுத்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். கால் அறுந்த உண்ணிகள் கிடந்தால் ஈக்கள் தம் வேலையைச் செய்கின்றன என்று அர்த்தம்.

ஆண் புழுவில் பெரும்பகுதியில் உண்ணி இருந்தால் ஆண் வதைகளை வெட்டி எடுங்கள், அடுத்த தொகுதி ஆண் புழு மூடியதும் மறுபடி ஒரு தடவை. இவ்வளவே போதும். அமிட்ராஸ், புளுவலினேட் என்ற உண்ணி மருந்துப் பட்டிகளும் போர்மிக் அமிலமும் ஐரோப்பியத் தேனீயின் பெரிய பெட்டிக்கு அளவு போட்டவை. நம் சின்னப் பெட்டியில் வைத்தால் கூட்டம் பெட்டியைவிட்டே ஓடும், மருந்தோ தேனிலும் மெழுகிலும் நிற்கும். பட்டி விற்பவர் இதைச் சொல்ல மாட்டார்.

வெளிநாட்டு இராணியையோ வதையையோ பையில் போட்டுக் கொண்டுவராதீர்கள். ஐரோப்பியத் தேனீயின் வேலைக்காரப் புழுவிலும் பெருகும் வரோவா வகை அதோடு சேர்ந்து வரும்.

அறிகுறி 3: சிறகு சுருங்கிய ஈக்கள் வாசலில் விழுகின்றன

இதைக் கண்டவுடன் எல்லோரும் சொல்வது சிறகுச் சிதைவு வைரஸ். உண்ணி கடித்து ஏற்றும் வைரஸ் அது, ஐரோப்பியத் தேனீயில் சாதாரணம். நம் தேனீயின் வேலைக்காரப் புழுவில் உண்ணி அதிகம் பெருகாததால் அந்தக் காட்சி குறைவு. முதலில் வதையைத் துளைத்துத் தின்னும் மெழுகுப் பூச்சியைத் தேடுங்கள். வதையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண்ணறைகளின் ஊடே வெள்ளை நூல் கோடுகள் ஓடும். கூட்டுப்புழு அந்த நூலில் சிக்கிச் சிறகு விரியாமல் வெளியே வரும். அடுத்து, வெயிலில் வதை சூடேறியதா, மூடிய புழுவோடு பெட்டியை லொறியில் ஏற்றிக் குலுக்கினீர்களா என்று பாருங்கள். இவை எதுவும் இல்லாமல், நாள் ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு சுருங்கிய ஈக்கள் தொடர்ந்து விழுந்தால் மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்புங்கள்.

அறிகுறி 4: பறக்க முடியாமல் தரையில் ஊரும், நடுங்கும் ஈக்கள்

*திடீரென்று, ஒரே நாளில், குவியலாகவா?* செத்த ஈக்களைப் பாருங்கள். நாக்கு வெளியே நீண்டு, காலில் மகரந்தம் ஒட்டியபடியே கிடந்தால் பூச்சிமருந்து. தம்பலகாமம், கந்தளாய், மூதூர் வயல்களில் மருந்தடிக்கும் நாட்களோடு சேர்த்துப் பாருங்கள். வயல்காரரிடம் சண்டைக்குப் போவதைவிட, தெளிப்பதற்கு முதல் நாள் சொல்லச் சொல்லிக் கேட்பதும், மாலை 5 மணிக்குப்பின் அடிக்கச் சொல்வதும் பலன் தரும். ஒரு காலைப்பொழுது மட்டும் ஈக்களை அடைக்க வேண்டுமென்றால் வாசலைக் கம்பிவலையால் அடைத்து, மூடிக்குக் கீழும் வலை வைத்து, மேலே நனைந்த சாக்குப் போடுங்கள். பலகையால் இறுக அடைத்தால் நம் வெயிலில் வதை உருகி விழும். சில நாட்கள் தெளிப்பு நடக்குமென்றால் பெட்டியை 3 கிலோமீற்றராவது தள்ளிக் கொண்டுபோங்கள்.

*பங்குனி முதல் ஆவணி வரை, உச்சி வெயிலில் மட்டுமா?* தாகமும் சூடும். தென்னை நிழல் நகர்ந்து பெட்டியில் வெயில் விழுகிறதா பாருங்கள். கிடுகு வேய்ந்து நிழல் போடுங்கள், அகலத் தட்டில் தண்ணீரும் மிதக்கப் பொச்சுத் துண்டுகளும் வையுங்கள்.

*நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக, கறுத்து, மயிர் உதிர்ந்து மினுங்கும் ஈக்களா?* காவல் ஈக்கள் அவற்றை இழுத்து வெளியே தள்ளினால் பக்கவாத வைரஸ் என்று சந்தேகிக்கலாம். கொள்ளையடிக்கும் ஈயும் கிழட்டு ஈயும் இப்படியே மினுங்கும், ஆனால் நடுங்காது. இதற்கும் மருந்து இல்லை. பாகு கொடுத்து, நெரிசலைக் குறைத்து, தீராவிட்டால் இராணியை மாற்றுங்கள்.

அறிகுறி 5: மெழுகுப் பூச்சி வலை

நம் தேனீ பிசின் சேர்த்து வெடிப்புகளை அடைக்காது, அடிப்பலகைக் குப்பையையும் சரியாக வாராது. ஆகவே அது உங்கள் வேலை. 10 நாளுக்கு ஒரு தடவை அடிப்பலகையைச் சுரண்டி, குப்பையைத் தரையில் கொட்டாமல் எரியுங்கள். பலகை வெடிப்பை மெழுகால் அடையுங்கள். பலமான கூட்டத்தில் மெழுகுப் பூச்சி பெருகாது. திடீரென்று பெருகினால் கூட்டம் ஏன் மெலிந்தது என்று அறிகுறி 1இலிருந்து பார்த்து வாருங்கள்.

அறிகுறி 6: கூட்டம் பெட்டியைவிட்டு ஓடிவிட்டது

போன பெட்டியைக் கழுவுமுன் வதைகளைப் படியுங்கள். தேனும் இல்லை, புழுவும் இல்லை என்றால் பசி. இராணி முட்டையிடுவதை நிறுத்தி ஆயத்தப்பட்டுத்தான் போயிருக்கிறது. புழு அப்படியே கிடந்தால் எறும்போ குளவியோ விரட்டியிருக்கும். தாங்கிக் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டையில் நிறுத்துங்கள், மேலே ஒரு துளி கழிவு எண்ணெய். கண்ணறைகளில் வள்ளப் பொருக்குகள் கிடந்தால் சாக்புரூட். அந்த வதையைப் புதுக் கூட்டத்துக்குக் கொடுக்காதீர்கள். பெட்டியை முன்சொன்னபடி வாட்டியபின்தான் பயன்படுத்த வேண்டும்.

எப்போது ஆளை அழைப்பது

நூல் இழுபடும் புழு. ஒரு மாதத்துக்குள் இரண்டுக்கு மேற்பட்ட பெட்டிகளில் புழு சாவு. இராணியை அடைத்தும் மாற்றியும் திரும்பி வரும் சாக்புரூட். அடையாளம் தெரியாத உண்ணி. குவியலாக ஈ சாவு. இந்த ஐந்தில் எதுவானாலும் உங்கள் கமநல சேவை நிலையத்து விவசாயப் போதனாசிரியரிடம் சொல்லுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழையுங்கள். தேனீக்கென்று உள்ள திணைக்களப் பிரிவு பண்டாரவளை பிந்துனுவெவயில் இருக்கிறது.

மாதிரி எடுக்கும்போது 10 சென்ரிமீற்றர் சதுரப் புழு வதைத் துண்டைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் காட்போட் பெட்டியில் வையுங்கள். பொலித்தீனில் போட்டால் வழியிலேயே அழுகிவிடும். பூச்சிமருந்துச் சந்தேகமென்றால் அன்று செத்த ஈக்கள் 200 வரை பொறுக்கி உறைகுளிரில் வைத்து, எந்த வயலில், எந்த நேரத்தில், என்ன மருந்து அடித்தார்கள் என்று தாளில் எழுதிக் கூடவே கொடுங்கள். வைரஸ் சோதனைக்கான ஈக்களையும் உயிரோடு பிடித்து உடனே உறையவிட வேண்டும். காய்ந்து போனதை அனுப்பினால் விடை வராது.